உரோமாபுரியின் இரு மதில்கள்

ஒரு நாட்டின் காவலுக்கு அரண் இன்றியமையாதது என்பது பண்டை மக்கள் அனைவர்க்கும் ஒத்த கருத்தாகும். தமிழில் மதிலைக் குறிக்க எயில், இஞ்சி, புரிசை எனப் பல சொற்கள் வழங்கிவந்தமையும், திருவள்ளுவர் அரணுக்கென ஓர் அதிகாரமே வகுத்தமையும் இதனைப் புலப்படுத்தும். மேனாட்டிலும் நிலைமை வேறன்று. கிரேக்கரும் உரோமரும் மதிலையே நகரத்தின் உடலாகக் கருதினர். ஆயினும், உலகப் பேரரசின் தலைநகராய் விளங்கிய உரோமாபுரியின் வரலாற்றை நோக்குமிடத்து ஒரு புதுமை தோன்றுகின்றது. அந்நகர் தன் இளமையில் ஒரு மதிலைக் கட்டியது. முதுமையில் மற்றொரு மதிலைக் கட்டியது. இரண்டிற்கும் இடைப்பட்ட பெருவாழ்விலோ மதிலை மறந்தே வாழ்ந்தது. முதல் மதில் சிதைந்து, ஆங்காங்கே சில துண்டுகளாக எஞ்சியுள்ளது. இரண்டாம் மதிலில் ஏறத்தாழ 12 கிலோமீற்றர் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது. ஒன்று அழிந்ததும் மற்றொன்று நிலைத்ததும் ஏன் என்னும் வினாவிற்கு விடை காண்பது, உரோமர் வரலாற்றின் உட்கருத்தையே காண்பதாகும்.

முதல் மதில் 'சேர்வியஸ் மதில்' என வழங்கும். உரோமை ஆண்ட ஏழு மன்னருள் ஆறாமவன் சேர்வியஸ் துல்லியஸ். கி. மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவனாகக் கூறப்படும் இம்மன்னனே நகரைச் சூழ மண்மேடும் அகழியும் மதிலும் அமைத்தான் என்பது மரபு. வரலாற்றாசிரியராகிய லிவியும் தம் நூலின் முதற் பகுதியில் இம்மரபினையே எடுத்துரைக்கின்றார். நெடுங்காலம் இக்கூற்று ஐயமின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் மதிலின் எச்சங்களை ஆராய்ந்த அறிஞர், ஏட்டுச் சான்றோடு கல்லின் சான்றையும் வைத்து ஒப்புநோக்கினர். அப்போது மரபுக்கு மாறான செய்தி ஒன்று வெளிப்பட்டது.

இன்று காணப்படும் பகுதிகளிற் பெரும்பாலானவை மஞ்சள் நிறமுடைய ஒருவகைக் கல்லால் ஆனவை. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான இக்கல், உரோமாபுரிக்கு வடக்கே தைபர் ஆற்றை அடுத்துள்ள குரொத்தா ஒஸ்கூரா என்னும் கற்சுரங்கத்தில் வெட்டப்பட்டது. அச்சுரங்கம் அமைந்த நிலம் வேயி என்னும் எத்துருஸ்கர் நகருக்கு உரியது. வேயி உரோமரின் கொடிய பகை நகர். நீண்ட முற்றுகைக்குப் பின்னர், மரபுக் கணக்கின்படி கி. மு. 396இல், உரோமர் அதனைக் கைப்பற்றினர். பகைவனுடைய நிலத்துக் கல்லை, அந்நிலத்தை வெல்லுமுன் பேரளவில் வெட்டிக் கொணர்தல் இயலாது. ஆகவே இம்மதில் கி. மு. நான்காம் நூற்றாண்டிற்கு முற்பட்டதாதல் அரிது.

லிவியின் நூலிலேயே இதற்குத் துணைசெய்யும் குறிப்பு உண்டு. கி. மு. 390 என மரபுவழிக் கூறப்படும் ஆண்டிற் கோலியர் உரோமாபுரியுட் புகுந்து அதனைக் கொள்ளையிட்டனர். அத்துன்பத்தின் பின், கி. மு. 378இல் சதுரக் கல்லால் மதில் எழுப்பும் பணி ஒப்பந்தத்தில் விடப்பட்டதென்றும், அதற்கென மக்கள்மீது வரி சுமத்தப்பட்டதென்றும் அவர் கூறுகின்றார். கல்லும் ஏடும் இங்கு ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன. எனினும் மரபு முற்றும் பொய்யென்று தள்ளுதற்கும் இல்லை. உள்ளூரிற் கிடைக்கும் சாம்பல் நிறக் கல்லால் ஆன சில பழைய பகுதிகளும் காணப்படுகின்றன. மன்னர் காலத்திலேயே ஓர் அரண் இருந்ததென்பதற்கு இவை சான்றாகும் என அறிஞர் பலர் கருதுவர். அவ்வரண் நகர் முழுவதையும் சூழ்ந்ததா, குன்றுகள் சிலவற்றை மட்டும் காத்ததா என்பது பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. பழங்கதையை அப்படியே நம்புதலும் தவறு. அதனுள் உறையும் உண்மையை ஆராயாது ஒதுக்குதலும் தவறு. வரலாறு பயிலும் மாணவர்க்கு இம்மதில் புகட்டும் முதற் பாடம் இதுவே.

நான்காம் நூற்றாண்டு மதில் ஏறத்தாழ 11 கிலோமீற்றர் சுற்றளவுடையது. அது வளைத்த நிலம் 400 ஹெக்டேயருக்கு மேற்பட்டது. கற்கள் இரண்டு உரோம அடி, அதாவது ஏறத்தாழ 59 சதமமீற்றர் உயரமுடையனவாக வெட்டப்பட்டன. அவை ஒரு வரிசை நீளவாட்டிலும் அடுத்த வரிசை குறுக்குவாட்டிலுமாகச் சாந்தின்றி அடுக்கப்பட்டன. கற்கள் சிலவற்றிற் கற்றச்சர் பொறித்த குறிகளும் உள. குன்றுகளின் சரிவு இயற்கை அரணாய் அமைந்த இடங்களில் மதில் அச்சரிவையே துணையாகக் கொண்டது. கிழக்குப் புறமோ சமதரை. ஆதலின் கொல்லீன் வாயிலுக்கும் எசுக்குவிலைன் வாயிலுக்கும் இடையே ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் அகன்ற அகழி தோண்டி, அம்மண்ணை மதிலின் உட்புறத்தே மேடாகக் குவித்தனர். இவ்வகழி மிகக் குறுகிய இடத்திலும் நூறடிக்கு மேல் அகலமும் முப்பதடி ஆழமும் உடையதென்று கிரேக்க ஆசிரியராகிய தயனீசியஸ் கூறுவர்.

இம்மதில் தன் கடமையைச் செய்தது. கி. மு. 211இல் கார்த்தேசின் தளபதி ஹனிபால் உரோமாபுரியின் வாயில்வரை குதிரைவீரருடன் வந்தான். நகரைத் தாக்காது மீண்டான். அதன்பின் உரோமரின் படைகள் இத்தாலிக்கு வெளியே கடல் கடந்து சென்றன. எல்லை இரைன் நதிக்கும் தன்யூப் நதிக்கும் யூபிரற்றீஸ் நதிக்கும் அகன்றது. பகைவர் அணுகாத நகரில் மதிலுக்கு வேலை யாது? உள்நாட்டுப் போர்க்காலத்திற் சிறிது பழுதுபார்க்கப்பட்டதன்றி அது பேணப்படவில்லை. அவந்தைன் குன்றின் அடியில் எஞ்சிய பகுதியில் எறிபொறி வைப்பதற்கான வளைவொன்று காணப்படுகின்றது, அது கி. மு. முதலாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரில் அமைக்கப்பட்டதெனக் கருதுவர். ஒகுஸ்தஸ் பேரரசன் காலத்தில் நகரின் மக்கட்டொகை பத்து இலட்சத்தை எட்டியதென மதிப்பிடப்படுகின்றது. வீடுகள் மதிலின்மேற் சாய்ந்தும், அதனைத் தாண்டியும், அதன் கல்லைப் பெயர்த்தும் எழுந்தன. மதில் எங்கேயுள்ளது என்று கண்டறிதலே அரிதாயிற்று எனத் தயனீசியஸ் குறிப்பிடுகின்றார். பகைவர் அழிக்காத மதிலைச் செல்வவளம் அழித்தது.

இவ்வாறு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் உரோமாபுரி காவல் மதிலின்றி வாழ்ந்தது. தூரத்து எல்லையில் நின்ற படைகளே அதன் மதிலாயின. கி. பி. மூன்றாம் நூற்றாண்டில் அந்நிலை மாறிற்று. ஐம்பது ஆண்டுகளுக்குள் இருபதுக்கு மேற்பட்டோர் பேரரசராகித் தம்முட் பொருதனர். அவருட் பலர் கொலையுண்டனர். எல்லைகள் தளர்ந்தன. கி. பி. 270இலும் 271இலும் யேர்மானிய இனத்தார் அல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலியினுட் புகுந்தனர். பேரரசன் ஒரேலியன் பிளசென்சியாவில் அவரிடம் தோல்வியுற்றான். பின்னர் பானும் என்னுமிடத்திலும் பவியாவை அடுத்தும் வென்றானாயினும், அச்சம் நீங்கவில்லை. அதே காலத்தில் உரோமாபுரியில் நாணயசாலைத் தொழிலாளர் கலகமும் மூண்டது. கி. பி. 271இல் ஒரேலியன் புதிய மதிலைத் தொடங்கினான். 275இல் அவன் கொலையுண்டபோது பணி பெரும்பாலும் முற்றுப்பெற்றிருந்தது. எஞ்சியதைப் புரோபஸ் என்னும் பேரரசன் முடித்தான்.

இம்மதிலின் நீளம் ஏறத்தாழ 19 கிலோமீற்றர். உள்ளே கொங்கிரீற்றும் வெளியே செங்கல் முகப்புமாக, மூன்றரை மீற்றர் தடிப்புடன் அது எழுந்தது. நூறு உரோம அடிக்கு ஒன்றாகச் சதுரக் காவற்கோபுரங்கள் நின்றன. படைவீரர் போர்முனையில் இருந்தமையால், நகரின் தொழிலாளர் சங்கங்களே கட்டடப் பணியிற் பெரும்பங்கு ஏற்றன. பணியின் விரைவை மதிலே இன்றும் காட்டுகின்றது. இடையிற் குறுக்கிட்ட பழைய கட்டடங்களை இடித்து அகற்றக் காலமில்லை. ஆதலால் அவற்றையே மதிலின் உறுப்பாக்கினர். கி. மு. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த செஸ்தியஸ் என்பவனின் கூர்நுதிக் கோபுரக் கல்லறை மதிலோடு பிணைக்கப்பட்டது. தைபீரியஸ் பேரரசன் மெய்காவற் படைக்கு அமைத்த பாசறையின் சுவர்கள் மூன்று புறம் மதிலாயின. கிளோதியஸ் பேரரசனின் நீர்க்கால்வாயைத் தாங்கிய பெருவளைவு நகர வாயிலாயிற்று. இவ்வாறு முழு நீளத்தில் ஆறில் ஒரு பங்கு வரை பழைய கட்டடங்களால் ஆனதென மதிப்பிடுவர். செல்வக் காலத்து ஆடம்பரங்களை அச்சக் காலம் தற்காப்புக்குப் பயன்படுத்திக்கொண்ட காட்சி இது.

கி. பி. 401க்கும் 403க்கும் இடையில், கோத்தியர் இத்தாலியை அச்சுறுத்தியபோது, ஒனோரியஸ் பேரரசன் காலத்தில் மதிலின் உயரம் இருமடங்காக்கப்பட்டது. ஞாயில்களோடு கூடிய பழைய நடைபாதையின்மேல் மூடிய காவற்கூடமும், அதன்மேல் மற்றொரு நடைபாதையும் எழுந்தன. தளபதி ஸ்திலிக்கோவின் தூண்டுதலால் இப்பணி நிகழ்ந்ததெனக் கல்வெட்டுக்கள் உணர்த்தின. ஆனால் 408இல் ஸ்திலிக்கோ கொலைத்தண்டம் அடைந்தபின் அவன் பெயர் கல்லிலிருந்து செதுக்கி நீக்கப்பட்டது. மதிலை உயர்த்தியவனையே நகர் இழந்தது. ஐன்சீடெல்ன் மடத்திற் பேணப்பட்ட கையெழுத்துச் சுவடி ஒன்று, கோபுரங்கள் 383, ஞாயில்கள் 7,020, வெளிப்புறப் பெருஞ்சாளரங்கள் 2,066 எனக் கணக்குத் தருகின்றது.

இத்துணை வலிய மதில் நகரைக் காத்ததா? வரலாறு தரும் விடை சிந்தனைக்குரியது. கி. பி. 410 ஆகஸ்து 24ஆம் நாள் கோத்தியர் தலைவன் அலாரிக் சலாரியா வாயில் வழியே உட்புகுந்தான். அடிமைகள் வாயிலைத் திறந்தனர் என்றும், பட்டினியால் மக்கள் மடிவதைக் காணப் பொறாத சீமாட்டி ஒருத்தி திறப்பித்தாள் என்றும் இரு கதைகளைப் புரொக்கோப்பியஸ் என்னும் ஆசிரியர் கூறுகின்றார். எதுவாயினும், வாயில் திறந்தது உள்ளேயிருந்தே. 455இல் வந்தாலியர் வந்தபோது பேரரசன் நகரைவிட்டு ஓட முயன்று மாண்டான். எதிர்ப்போரின்றி நகர் கொள்ளைபோயிற்று. 546இல் கோத்திய மன்னன் தொத்திலா புகுந்ததும், காவல்நின்ற இசோரிய வீரர் சிலர் செய்த வஞ்சனையாலேயாம். சம்பளம் பெறாத வீரரே பின்னொருமுறையும் அவனுக்கு வாயில் திறந்தனர்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 537ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தொடங்கி ஓராண்டிற்கு மேலாகக் கோத்தியர் பெரும்படையுடன் நகரை முற்றுகையிட்டனர். உள்ளே பெலிசாரியஸ் என்னும் தளபதியிடம் முதலில் இருந்தவர் ஏறத்தாழ 5,000 வீரரே. கோத்தியர் நீர்க்கால்வாய்களை வெட்டினர். மாவரைக்கும் ஆலைகள் நின்றன. பெலிசாரியஸ் தைபர் ஆற்றில் ஓடங்களைக் கட்டி, ஆற்றோட்டத்தால் ஆலைகளைச் சுழலச் செய்தான். ஹத்திரியன் கல்லறையில் நின்ற வீரர், படைக்கலம் போதாதபோது அங்கிருந்த பளிங்குச் சிலைகளையே உடைத்துப் பகைவர்மீது எறிந்தனர். மதில் அசையவில்லை, மாற்றார் மீண்டனர். ஒரே மதில் ஒருகால் காத்தது; பிறிதொருகால் கைவிட்டது. வேறுபாடு கல்லில் இல்லை; காவல் செய்தோரின் உறுதியிலேயே இருந்தது. அரண் எத்துணை மாட்சியுடையதாயினும் அகத்தோர் செயலாற்றலிலரேல் பயனில்லை என வள்ளுவர் கூறும் கருத்துக்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டு அரிது.

தொத்திலா நகரைக் கைப்பற்றியபின் மதிலில் மூன்றிலொரு பங்கை இடித்தான் எனப் புரொக்கோப்பியஸ் எழுதுகின்றார். நகர் முழுவதையும் அழிக்க அவன் எண்ணியபோது பெலிசாரியஸ் அவனுக்கு ஒரு திருமுகம் விடுத்தான். பல தலைமுறையினர் உழைப்பால் உருவாகிய நகரை அழிப்பவன் இறந்தோர்க்கும் இனிப் பிறப்போர்க்கும் ஒருங்கே தீங்கிழைக்கின்றான் என்பது அதன் சாரம். தொத்திலா அவ்வெண்ணத்தைக் கைவிட்டான். அடுத்த ஆண்டில் பெலிசாரியஸ் சிதறிய கற்களைக் கொண்டே இருபத்தைந்து நாட்களில் மதிலை ஒருவாறு நிரப்பினான் என்பர்.

அதன்பின் உரோமாபுரி தேய்ந்தது. இலட்சக்கணக்கானோர் வாழ்ந்த நகரிற் சில பல்லாயிரம் மக்களே எஞ்சினர். மதிலுக்குள்ளே திராட்சைத் தோட்டங்களும் மேய்ச்சல் நிலங்களும் பரந்தன. ஆனால் மதில் பேணப்பட்டது. ஏனெனில் அதற்கு மாற்று வேறில்லை. பாப்பரசர் பலர் காலந்தோறும் அதனைத் திருத்தினர். அப்பியா வாயிலின் உட்சுவரில் அதிதூதர் மிக்கேலின் உருவம் கீறப்பட்டுள்ளது. 1327ஆம் ஆண்டு செப்தெம்பர் 29இல் நேப்பிள்சு மன்னன் றொபேட்டின் படையை உரோமர் துரத்தியமையை அதனருகே உள்ள எழுத்து நினைவூட்டுகின்றது. முதல் மதிலை வளம் விழுங்கிற்று. இரண்டாம் மதிலை வறுமை காத்தது. இதுவே தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு விடையாகும்.

இரண்டாம் மதிலின் போர்க்கடமை 1870ஆம் ஆண்டு செப்தெம்பர் 20ஆம் நாள் முடிந்தது. புதிய இத்தாலிய அரசின் படை பியா வாயிலருகே பீரங்கியால் மதிலைப் பிளந்து உட்புகுந்தது. நகர் மீண்டும் தலைநகராயிற்று, வளமும் மீண்டது, அதனோடு பழைய அழிவும் மீண்டது. புகையிரத நிலையத்திற்கும் புதிய தெருக்களுக்கும் இடங்கொடுக்கச் சேர்வியஸ் மதிலின் பெரிய மண்மேடு சமப்படுத்தப்பட்டது. அலாரிக் புகுந்த இடத்தில் நின்ற சலாரியா வாயில் 1921இல் போக்குவரத்தின் பொருட்டு அடியோடு நீக்கப்பட்டது. 

எனினும் எஞ்சியவை சிலவல்ல. 1950இல் முற்றுப்பெற்ற தேர்மினி புகையிரத நிலையத்தின் முன்பக்கத்தே சேர்வியஸ் மதிலின் மிகப் பெரிய துண்டு, ஏறத்தாழ 90 மீற்றர் நீளத்திற்கு, பல அடுக்குக் கல்லோடு நிற்கின்றது. நிலையத்தின் கீழ்த்தளத்து உணவுச்சாலை ஒன்றனுள்ளும் அதன் கற்களைக் காணலாம். ஒரேலியன் மதிலையொட்டிச் செஸ்தியஸ் கல்லறையின் அருகே உள்ள இடுகாட்டில் ஆங்கிலக் கவிஞராகிய கீற்சும் செல்லியும் துயில்கின்றனர். அப்பியா வாயிலில் மதிலுக்கென ஒரு நூதனசாலை இருக்கின்றது. நகரின் பழைய பகுதி 1980இல் உலகமரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. ஆயினும் கல்லும் மூப்படையும். 2001ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் அர்தியாத்தினா வாயிலை அடுத்த பகுதியில் மதிலின் ஒரு கூறு சரிந்து வீழ்ந்தது. பதினேழு நூற்றாண்டுகள் கடந்த சுவருக்கு மழையும், வேரும், கவனமின்மையுமே இன்று பகை.

பழஞ்சின்னங்கள் தாமாக நிலைப்பதில்லை. அவை பயன்படுங்கால் மக்கள் தம் நலங் கருதிப் பேணுவர். பயன் நீங்கியபின் அறிவு ஒன்றே அவற்றைக் காத்தல் வேண்டும். சேர்வியஸ் மதிலின் மஞ்சட் கல் மீந்திராவிடின், மரபுக்கூற்றைச் சோதிக்கவும் வழியில்லை. லிவி எழுதிய 378ஆம் ஆண்டுச் செய்தியின் பெறுமதியும் விளங்கியிராது. ஒரேலியன் மதில் அழிந்திருப்பின், மூன்றாம் நூற்றாண்டின் அச்சம் எத்துணைப் பெரிதென்பதை ஏடுகள் மட்டும் உணர்த்தியிரா. ஏட்டில் எழுதுவோர் மறைத்ததையும் மறந்ததையும் கல் சொல்லும். ஆனால் அதனை நிற்கவிட்டால்தான் சொல்லும். பெலிசாரியஸ் தன் பகைவனிடம் வேண்டிக்கொண்டதும் அதுவே. அவ்வேண்டுகோளைப் போர்க்களத்தில் நின்ற தொத்திலாவே மதித்தானெனின், அமைதிக் காலத்தில் வாழும் மக்கள் தத்தம் நாட்டுப் பழஞ்சின்னங்களை மதியாதிருத்தற்கு நியாயம் யாதுமில்லை.